கொக்கின் இறகுகள்

அன்புள்ள அப்பாவுக்கு, சனாயே வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? அம்மா சுகமா? டோக்கியோவில் நான் நலம். மணிக்கட்டில் மட்டும் கொஞ்சம் வீக்கம். இந்த வேலையில் வருவதுதான்.

நான் முதன்முதலில் தனியாக அச்சிட்ட படம் நேற்று எங்கள் பட்டறைக் கடைக்கு வந்தது. பழைய மரக்கட்டை அச்சுப் படமொன்றின் மறுபதிப்பு; பனியில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. மனைவியோடு வந்த முரோய் என்பவர், "நகல்தானே, இதுல என்ன இருக்கு?" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும், "கையில எடுத்து, சன்னல் பக்கமா சாய்ச்சுப் பாருங்க ஐயா," என்றேன்.

சாய்த்தார். மையே இல்லாமல் காகிதத்தில் நான் அழுத்தி எடுத்திருந்த இறகுகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் எழுந்தன.

"இங்க வந்து பாரேன்! மியூசியத்துல அசலைப் பாத்தப்போ கண்ணாடிக்குள்ள இது தெரியவே இல்லையே!"

"நீங்க பாத்தது போதும், குடுங்க!" என்று அந்த அம்மாள் பிடுங்கிக்கொண்டார். இருவரும் போட்டி போட்டதில் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

உங்களுக்கும் ஒன்று அனுப்புகிறேன். சுவரில் மாட்டிவிடாதீர்கள். அம்மா போட்ட முள்ளங்கி ஊறுகாய் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். கடையில் விற்பது வாய்க்குப் பிடிக்கவில்லை. தபால்காரர் வாசலில் நிற்கிறார். படத்தைப் பார்த்ததும் கூப்பிடுங்கள் அப்பா, எந்நேரமானாலும் எடுப்பேன்.

உங்கள் மகள்,
சனாயே