திங்கட்கிழமையும் சுழலும் ராட்டை

ஹோல்டன் கிளஃப், லங்காஷயர்
1772, அக்டோபர்

அன்புள்ள எனோக்குக்கு,

டேபிதா எழுதுவது. நானும் குழந்தைகளும் சுகம். உங்கள் கப்பல் லிவர்பூல் திரும்பியதும் இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும் என்று நம்புகிறேன். சின்னவனுக்கு இருமல் விட்டுவிட்டது. நாயும் நலம்தான், உங்கள் அண்ணனைக் கண்டால் மட்டும் குரைக்கிறது.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன், மனசு வரவில்லை. எட்டு இழை ஒன்றாக நூற்கும் என் ராட்டையைச் சைலஸ் அண்ணனிடம் ஒப்படைத்து, தேநீர்க் கெண்டியையும் சுவர்க் கடிகாரத்தையும் விற்றுவிட்டு, அவர் வீட்டில் போய் இருக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஆடம்பரத்தில் கெட்டுப்போனேன் என்று அவர்தானே எழுதினார்? நடந்ததை நான் எழுதுகிறேன்.

நம் ஊர்த் தறிக்காரர்கள் திங்கட்கிழமை தறியைத் தொடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த நாளுக்கென்றே ஒரு புனிதர் இருப்பதுபோல மதுக்கடையில் திருவிழா நடக்கும். செவ்வாய் தலைவலிக்குப் போய்விடும். நான் திங்களும் நூற்றேன். ராட்டைச் சத்தம் கடைவரை கேட்டதாம். "இவ இன்னைக்கும் நூத்தா, பஞ்சு குடுக்கற முதலாளி நம்மளையும் தறியில உக்காரச் சொல்வான்டா" என்று அண்ணன்தான் கிளப்பிவிட்டார்.

போன திங்கள் சாயங்காலம் கும்பலாக வந்து என் வாசலில் பாத்திரம் தட்டினார்கள். பெண்டாட்டியை அடிக்கிறவன் வீட்டு முன்னால் தட்டி மானத்தை வாங்குவோமே, அதே தட்டு. எனக்கு! "டீத்தண்ணிக்காக ஊர் வழக்கத்தையே வித்துட்டா!" என்று அண்ணன் முன்னால் நின்று கத்தினார்.

பயந்துபோனேன், பொய் சொல்லமாட்டேன். நம் மகள் மார்த்தா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் அவர்கள் கைகளைப் பார்த்தேன். முன்பு ஊரில் மண்சட்டியும் மரத்தட்டும்தான். இப்போது தட்டினது எல்லாம் புதுப் பித்தளைச் சட்டி. அத்தனையும் அவர்கள் பெண்டாட்டிமார் நூற்று வாங்கினவை. கதவை விரியத் திறந்தேன். "நல்லாத் தட்டுங்க! யாரு நூத்து வாங்கின சட்டின்னு வீட்ல கேட்டுட்டுத் தட்டுங்க!" என்றேன்.

முதலில் ஓடிவந்தது யார் தெரியுமா? சைலஸின் மனைவி ப்ரூடென்ஸ்! "சட்டிய நெளிச்சுட்டியேய்யா, பாவி மனுசா! நீ கடையில கெடந்தப்ப நான் நூத்து வாங்கினதுய்யா!" என்று அவர் கையிலிருந்து பிடுங்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஆண்கள் வெறும் கரண்டியோடு நின்றார்கள். இதை அண்ணன் உங்களுக்கு எழுதப்போவதில்லை.

இந்தத் திங்கள் தெருவில் சுழன்றது என் ராட்டை மட்டும் இல்லை.

மனைவி சம்பாதிப்பது சட்டப்படி புருஷனுக்குச் சொந்தம். தெரியும். நீங்கள் வந்து தூக்கிப்போனால் தடுக்க எனக்கு நாதியில்லை, அந்தப் பயமும் இருக்கிறது. ஆனால் என் கையால் எதையும் கொடுக்கமாட்டேன், அண்ணன் வீட்டுக்கும் போகமாட்டேன். இந்த வீட்டுக்கு ஒரு கடிகாரம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன், உழைத்தேன், வாங்கினேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

கெண்டியோடு இரண்டு கோப்பை வாங்கினேன். ஒன்றில் இன்னும் யாரும் குடிக்கவில்லை. ஆண்டவர் உங்களைப் பத்திரமாய்க் கரை சேர்க்கட்டும். அண்ணனுக்குத் தம்பியாக வராதீர்கள், எனக்குப் புருஷனாக வாருங்கள். சர்க்கரை போட்டுத் தருகிறேன். குடித்துவிட்டு, கெண்டியை விற்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நம் வீட்டிலேயே இருக்கும் உங்கள் மனைவி,
டேபிதா