வளைகாப்புக்கு வரும் கைகள்

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா நலம், நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூங்குகிறார். என்னைப் பற்றித்தான் எப்படி எழுதுவது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன், போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

காதலர் தினத்துக்கு ரோஜா ஏற்றுமதி, லீவு கிடைக்காது, வளைகாப்புக்கு வரமுடியாது என்றேனே, அது பொய்யம்மா. தீபாவளிக்கே வேலையை விட்டுவிட்டேன். பூ அடுக்கும் குளிர் அறையில் விரல்கள் வெளுத்து நீலமானபோது, எல்லாருக்கும்தானே குளிருகிறது என்று இருந்துவிட்டேன். பிறகு தோல் இறுகி மினுமினுவென்று கல் மாதிரி ஆகிவிட்டது. விரல் மடங்குவதில்லை, வாயும் முன்போல் திறப்பதில்லை, இட்லியைக்கூடப் பொடியாகப் பிட்டுத்தான் போட்டுக்கொள்கிறேன். பெங்களூர் டாக்டர் ஸ்க்ளீரோடெர்மா என்றார். அபூர்வமாக வருவதாம், யாருக்கும் ஒட்டாதாம், முழுசாகக் குணமாகாது, மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாமாம்.

நாற்பத்தொரு வயதில் எனக்கு நோயைவிட வெட்கம்தான் பெரிதாக இருக்கிறது. முள் குத்தாமலிருக்கப் போடும் தோட்டத்துக் கையுறையை வேலையை விட்ட பிறகும் கடைக்கும் கோயிலுக்கும் போட்டுக்கொண்டு, நேராக வேலையிலிருந்து வருகிறேன் என்று சொல்லித் திரிந்தேன். போன வாரம் பக்கத்து வீட்டு சரசம்மா மகளுக்கு மஞ்சள் நீர். சந்தனம் பூசக் கழற்றத்தானே வேண்டும்? சரசம்மா கையைப் பார்த்ததும், நீ குந்து ராஜி, பாப்பாவே பூசிக்கும் என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவள் நாத்தனார் பெருநோயா என்று கன்னடத்தில் கிசுகிசுத்தாள், இருபது வருஷமாக ஓசூரில் இருக்கிற எனக்குக் கன்னடம் புரியாதாம்! நான் பி.எஸ்சி. படித்தவள், ஒட்டாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செருப்பைத் தேடிக்கொண்டு வந்துவிட்டேன். உன் மாமியார் வீட்டார் முன்னால் உனக்கும் அந்தத் தலைகுனிவு வந்துவிடுமோ என்றுதான் உன்னிடம் பொய் சொன்னேன்.

ஆனால் அப்பா என்னைக் கேட்காமலே புனேவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். பொண்ணுக்கு நான் வளையல் போட்டா அங்க இருக்கிறவங்க சிரிக்கமாட்டாங்களா என்கிறார். அதனால் வருகிறேன். தண்ணீர் பாட்டிலில் வளையலை ஏற்றிப் பழகுகிறேன், விரலால் பிடிக்க முடியாது, நீ கையைக் குவித்து நீட்டு, உள்ளங்கையால் தள்ளிவிடுவேன். உன் மாமியாரிடம் ஒட்டாத நோய் என்று நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு.

இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே. தாயும் பிள்ளையும் குறையில்லாமல் இருங்கள். இன்னொன்று, அப்பா என் கைகளைப் படமெடுத்து அனுப்புவார். தனியாக இருக்கும்போது பார். முகம் சுளித்தாலும் அழுதாலும் அங்கேயே முடித்துவிடு கண்ணு. சபையில் நான் வளையலை எடுக்கும்போது உன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

உன் அம்மா,
ராஜலட்சுமி