சனிக்கிழமை மாலை மைதானத்தில் தண்ணீர் விட்டவர் பற்றி

அனுப்புநர்:
ஏன்ஸியோ கர்வோனென் (வயது 54),
ஐஸ் தளப் பொறுப்பாளர் (சம்பளமின்றி),
ரயில் நிலையச் சாலை,
ஹௌகிலம்பி, லாப்லாந்து.

பெறுநர்:
விளையாட்டுத் துறை அலுவலர் அவர்கள்,
ஊராட்சி அலுவலகம்,
ஹௌகிலம்பி.

பொருள்: மைதானப் பணியாளர் திருமதி ஐலா ஹல்மேக்குத் தரப்பட்ட எச்சரிக்கையை நீக்கவும், உண்மையில் தவறு செய்தவர் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல்.

பார்வை: 17.10.1995 அன்று தங்கள் விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

புகார் என்றால் யார் மீது என்று முதலிலேயே சொல்லிவிடுவது முறை. இந்தப் புகார் என் மீது. கீழே கையெழுத்திட்டிருப்பவனும் நானே. இதை எழுத ஆறு வாரம் ஆனதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

1. அக்டோபர் 15, ஞாயிறு நண்பகல், நம் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணிக்கு இந்த ஆண்டின் கடைசி ஆட்டம் இருந்தது. சமன் செய்தாலே போதும், அணி தொடங்கிப் பதினான்கு ஆண்டில் முதல்முறையாக மேல்பிரிவுக்குப் போயிருப்பார்கள். கோடையில் கால்பந்துக்கும், குளிர்காலத்தில் தண்ணீர் விட்டு உறையவைத்து ஹாக்கிக்கும் பயன்படும் ஒரே மைதானம் அது. விடிந்து பார்த்தால் மணல் மைதானம் முழுவதும் ஐஸ். எதிரணியினர் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மைதானம் தரத் தவறியது நம் ஊர் என்பதால் ஆட்டம் தோல்வியாக அறிவிக்கப்பட்டது. முந்தின நாள் பிற்பகல் பம்ப் அறைக்குப் போன ஐலா வால்வை மூட மறந்துவிட்டார் என்று தங்கள் அலுவலகம் முடிவு செய்தது. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். இப்போது அவர் பஸ் நிறுத்தங்களில் பனி தள்ளுகிறார்.

2. வால்வு மூடித்தான் இருந்தது. திறந்தவன் நான். சனிக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை, மூன்று தடவையாகத் தண்ணீர் அடித்தேன். அந்த நேரத்தில் ஊரே சவுனா என்னும் நீராவிக் குளியலில் இருக்கும், தெருவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பம்ப் அறைக் கதவில் ஐலா ஒரு தாள் ஒட்டியிருந்தார்: "நாளைக்கு மேட்ச் இருக்கு. தண்ணி விட்டுடாதீங்க, ப்ளீஸ்." அந்த 'ப்ளீஸ்' என்பதன் அடியில் கோடு போட்டிருந்தார். டார்ச் அடித்துப் படித்தேன். படித்த பிறகுதான் குழாயை மாட்டினேன்.

3. காரணத்தை எழுதக் கை கூசுகிறது. கடந்த மே மாதம் நம் நாடு ஐஸ் ஹாக்கியில் உலகத் தங்கம் வென்றபோது இந்த ஊர் எப்படிக் கொண்டாடியது என்பது தங்களுக்குத் தெரியும். பாதிரியார் தீயணைப்பு வண்டி மேல் ஏறி ஆடினார். அதே கோடையில் நம் பெண்கள் கால்பந்து ஆடியபோது பார்வையாளர்கள் பதினெட்டுப் பேர், அதில் ஒன்று நாய். பத்தொன்பதாவது ஆள் ஒருவன் இருந்தான். பம்ப் அறைக்குப் பின்னால் ஒளிந்து நின்றதால் அவனை யாரும் எண்ணவில்லை.

முதல் நாள் தரை மட்டம் பார்க்கத்தான் போனேன். இடது ஓரத்தில் ஓடும் அந்தப் பேக்கரிப் பெண் மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு வந்து கோல் அடித்தாள். என்னை அறியாமல் கைதட்டி, உடனே கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பிறகு ஓர் ஆட்டத்தையும் விடவில்லை. முப்பது வருஷமாக ஐஸ் போடுகிறவன், ஹாக்கிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவன், மணலில் உதைபடும் பந்துக்கு மனதைக் கொடுத்துவிட்டேன் அம்மா. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். நான் இன்று வெட்கப்பட வேண்டியது அதற்கல்ல என்பது இப்போது புரிகிறது.

4. தபால்காரர் கௌக்கோ என்னை அங்கே பார்த்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கே எங்கள் ஹாக்கிக் கூட்டம் சவுனாவில் கூடியது. ஆறு பேர் முன்னால் அவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: "என்னடா ஏன்ஸியோ, ஹாக்கிய விட்டுட்டு ஸ்கேட்ட ஆணில மாட்டிட்டியாமே? பம்ப் ரூமுக்குப் பின்னாடி நின்னு பொம்பளைங்க பந்தாட்டம் பாக்குறியாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஆமாண்டா, பாத்தேன், நல்லா ஆடுறாங்க" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு: "அதையெல்லாம் எவன் பாப்பான்? பைப்பு பாக்கப் போனேன். நாளைக்குக் காலைல வந்து பாரு, மாவட்டத்துலயே மொத ஐஸ் நம்மளுதுதான்." ஆட்டம் இருப்பது எனக்கு மறக்கவில்லை. சொன்ன வாயைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி. தரையும் இறுகித்தான் இருந்தது.

5. ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் ஊர்ப் பிள்ளைகள் ஸ்கேட்டோடு வந்துவிட்டார்கள். என் முதுகில் தட்டாத ஆள் இல்லை. பத்திரிகையில் படம் வந்தது. அதில் நான் பல் தெரியச் சிரிக்கிறேன். எனக்குப் பின்னால், வேலியோரம், பையைத் தோளில் மாட்டிய சில பெண்கள் மங்கலாக நிற்கிறார்கள். அந்த ஆட்டம் என்ன ஆயிற்று என்று அன்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஊர் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் அப்போதே உடைந்திருப்பேன்.

6. விசாரணையில் தாங்கள் என்னை விவரம் தெரிந்தவன் என்று அழைத்துக் கேட்டீர்கள், திறந்து கிடந்த வால்விலிருந்து இப்படி உறையுமா என்று. வழிந்த தண்ணீர் மேடும் பள்ளமுமாகத்தான் உறையும். இது கண்ணாடி மாதிரி இருந்தது, இந்த ஊரில் அப்படிப் போடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ஆனாலும் தங்களிடம், "சரிவான தரை, தானே பரவியிருக்கும்" என்றேன். தாங்கள் நம்பி எழுதிக்கொண்டீர்கள்.

7. நவம்பர் முதல் வாரம் பஸ் நிறுத்தத்தில் ஐலாவைப் பார்த்தேன். மண்வாரியை ஊன்றிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நான்தான் மறந்துட்டேன் போல, ஏன்ஸியோ. மூடுன மாதிரியேதான் ஞாபகம் இருக்கு, ஆனா இப்ப என் ஞாபகத்தையே நம்ப முடியல. பொண்ணுங்க மொகத்தப் பாக்க முடியாம கோச் வேலைய விட்டுட்டேன்." அதற்கு நான், "விடுங்க ஐலா, யாருக்கும் நடக்குறதுதான்" என்றேன். தண்ணீர் விட்டதைக்கூட ஒருவேளை மன்னிப்பார்கள். இந்த ஆறுதலைச் சொன்னதற்கு மன்னிப்பு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது: ஐலாவின் எச்சரிக்கையை நீக்கி மைதான வேலையை அவரிடமே திருப்பித் தர வேண்டும். என் வாக்குமூலம் பொய் என்று பதிவு செய்ய வேண்டும். இந்த மனுவை மைதான அறிவிப்புப் பலகையில், ஹாக்கி அட்டவணைக்குப் பக்கத்தில், கௌக்கோவின் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். பம்ப் அறைச் சாவியை இத்துடன் ஒப்படைக்கிறேன். தண்டனை எதுவானாலும் மறுபேச்சில்லை.

இதன் நகலோடு ஐலா வீட்டு வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். இன்று மூன்றாவது முறை மணி அடித்து, கையில் கொடுத்துவிட்டேன். நின்றபடியே முழுவதும் படித்தார். "அப்போ நான் மூடிட்டுத்தான் வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியாக ஒன்று. வரும் மே மாதம் ஆட்டம் தொடங்கும்போது, ஐலா மறுக்காவிட்டால், பம்ப் அறைக்குப் பின்னால் அல்லாமல் மற்றப் பதினெட்டுப் பேரோடு கோட்டருகே நிற்க எனக்கு அனுமதி தர வேண்டுகிறேன். அவர் மறுத்தால் அதுவே சரி.

இடம்: ஹௌகிலம்பி
நாள்: 27.11.1995

தலைகுனிந்து,
(ஒப்பம்) ஏன்ஸியோ கர்வோனென்

இணைப்பு: பம்ப் அறைச் சாவி – 1, பத்திரிகைப் படம் – 1, கதவில் ஒட்டியிருந்த தாள் – 1 (அன்று நான் கிழித்து எடுத்தது).