நீள இரும்பைத் தலைமுழுகிய கதை

மகாராணிக்கு,

உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் என்றால் நீ தூங்குகிறாய். அதனால் என் தலையிலேயே அடித்துச் சொல்கிறேன்: இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

"குனிஞ்சா நிமிர முடியல, நீட்டு இரும்பு மட்டை ஒரு கேடா?" என்று நேற்றுக் காலையில் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, அது என்னை உலுக்கிவிட்டது. கோல்ஃப் பையிலிருந்த நீள இரும்புகளைத் தலைமுழுகிவிட்டேன். இனி அவற்றுக்குப் பதிலாக, நீ வாங்கித் தந்த, சுலபமாக அடிக்க வரும் ஹைப்ரிட் மட்டைகள்தான்.

சாயங்காலமே மைதானத்தில் அடித்துப் பார்த்தேன். தலை பருத்த மட்டை, தொட்டாலே பந்து எழும்புகிறது. குளத்தைத் தாண்டிப் பறந்த பந்தைத் தன் முட்டை என்று நினைத்து ஒரு கொக்கு துரத்திப் போனது. குழியருகே அதன்மேல் அடைகாக்க உட்கார்ந்தேவிட்டது. புல் வெட்டுகிறவர், "ஐயா, குஞ்சு பொரிச்சதும் வந்து அடிங்க" என்றார்.

போன தடவை என்னைத் தோற்கடித்துவிட்டு, "மாப்ளே, பேசாம வீட்ல கேரம் ஆடுங்க" என்றாரே உன் அண்ணன், அந்த வாயை இன்று மைதானத்தில் ஜெயித்து அடைக்காமல் திரும்பமாட்டேன்.

முட்டை பொரித்து மூடி வைத்திருக்கிறேன். கோழி முட்டைதான், பயப்படாமல் சாப்பிடு. குழாய் ரிப்பேர்காரர் வந்தால் குளியலறையைக் காட்டு. வெளியே போனால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

கோபம் போதும்.

பி.கு.: பெருக்கும்போது கட்டிலுக்கடியில் துடைப்பத்தை மெதுவாக விடு. நீ ஆசையாக வாங்கித் தந்த ஹைப்ரிட் மட்டைகள் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு அங்கேதான் இருக்கின்றன.