காஸைப் பூட்டின கதை

ஜூன் 12, வியாழன்

நான் வீட்டில் போட்ட பியர் புளித்து முடிந்துவிட்டது. எஃகுப் பீப்பாவுக்கு மாற்றி, கீழ் ஸ்ரோர் அறைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். இனிக் குமிழி வரக் காஸ் ஏற்றுவதுதான் மிச்சம். 21ஆம் திகதி முற்றத்தில் இறைச்சி சுடும்போது ஊற்றிக் கொடுக்கவேண்டும்.

மனைவி ஜெசிந்தா தாய்வீட்டுக்கு, திருச்சிக்கு, ரிக்கற் போட்டுவிட்டாள். ஜூலை 3. திரும்பி வரும் நாள் போடவில்லை. "அங்க போய்ப் பாத்துக்கலாங்க" என்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கலியாணம் கட்டி வந்த புதிதில் எல்லாவற்றையும் கேட்பாள். "போட்டு வாறன்" என்று, அதாவது போய்விட்டு வருகிறேன் என்று, சொல்லி நான் வேலைக்கு வெளிக்கிட, "எதைப் போட்டுட்டு?" என்றாள். அம்மாவும் தங்கச்சி சோபிகாவும் ஒரு கிழமை சிரித்தார்கள். நானும்தான். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. பழகிவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வேலைப் பயிற்சிக்கு ஹாமார் நகரத்துக்கு வந்திருக்கிறேன். காலையில் பியர் குளிர்ந்திருக்கவில்லை, குளிராமல் காஸ் ஏறாது. சிலிண்டரைத் திறந்து, குழாயைப் பீப்பாவிலிருந்து கழற்றியபடி விட்டுவிட்டு வந்தேன்; அதன் முனை தானாக அடைத்துக்கொள்ளும். பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"காஸைப் பூட்டிவிடும் என்ன?"

"சரிங்க."

ஜூன் 17

வீடு திரும்பியும் குளிர்ப்பெட்டியைத் திறக்கவே இல்லை. குறைந்த அழுத்தத்தில் தானாக ஏறட்டும். பொறுமை!

ஜூன் 21, சனி

மானம் போச்சு.

பியர்க் குழாயைத் திறந்தால் வடித்த கஞ்சிபோல் வருகிறது, ஒரு குமிழி இல்லை. கீழே ஓடிப் பார்த்தேன். காஸ் குழாய் தொங்குகிறது, சிலிண்டர் இறுக்கி மூடியிருக்கிறது.

"பூட்டச் சொன்னனான் எல்லோ!"

"பூட்டிட்டேனே! நல்லா இறுக்கி!"

சோபிகாவுக்கு விளங்கிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டி, பீப்பாவைப் புல்லில் உருட்டினேன். பிறகு ஊற்ற ஊற்ற வெறும் நுரை. என்னோடு வேலை செய்யும் டானியல் நுரையை மீசைபோல் ஒட்டிக்கொண்டான். எல்லாரும் சிரிக்க, ஜெசிந்தா உள்ளே போய்க் கோப்பை கழுவினாள்.

ஜூன் 22

"குழாய் தொங்குறதைப் பாத்தேங்க. என்னவோ தப்பா இருக்கேன்னு தோணிச்சு. கேட்டா சிரிப்பீங்க. நான் வாயைத் திறந்தாலே இங்க சிரிப்புதானே?"

அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் பூட்டுவது என்றால் மூடுவதும்தான், பொருத்துவதும்தான்; அவள் பக்கம் மூடுவது மட்டும். இத்தனை வருசம் வாயில் வைத்திருந்தும் நானே கவனித்ததில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகேன் கத்தினேன்?

திரும்பி வருவாளா? கேட்கப் பயமாக இருக்கு. அவளும் இப்பிடித்தானே பயந்திருப்பாள்.

ஜூன் 24

நுரையெல்லாம் அடங்கியதும் திரும்ப முதலிலிருந்து. அவளைக் கூப்பிட்டேன். வந்தாள்.

"இதுக்கு உங்கடை பக்கம் என்னெண்டு சொல்லுறனீங்கள்?"

"மாட்டுறது."

"அப்ப மாட்டிவிடும்."

குழாயை அழுத்தினாள். 'டிக்' என்றது. காஸ் உள்ளே போகும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டாள்.

"எத்தனை நாள் ஆகுங்க?"

ஒரு கிழமை என்றேன். அவள் கேள்வி கேட்டுவிட்டாள் என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஜூலை 1

நல்ல குமிழி, விரலளவு நுரை. ஒரு வாய் குடித்து, "கசக்குது" என்று முகத்தைச் சுளித்தாள்.

திரும்பும் நாளைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறக்கக்கூடாது. அவசரப்படுத்தினால் நுரைதான்.

ஜூலை 3, வியாழன்

விமான நிலையம். சோதனை வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"போட்டு வாறன்."

அச்சு அசல் எங்கள் தமிழ். நான் சிரிக்கவில்லை, அவளுடைய பழைய கேள்வியைக் கேட்டேன்.

"எதைப் போட்டுட்டு?"

"உங்களைத்தான். ஆகஸ்ட் கடைசில வந்து எடுத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து கீழே போய்ப் பார்த்தேன். பாதிப் பீப்பா மிச்சம். காஸ் பூட்டியபடி இருக்கிறது.

இல்லை, மாட்டியபடி.