பூச்சிக்கடி

ஹனோய்,
வியாழக்கிழமை

அம்மாவுக்கு, சுகுணா எழுதுவது. நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகம்தானே?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு காலத்தில் சண்டை போட்ட அமெரிக்காவும் வியட்நாமும் சேர்ந்து, பாம்புக்கடிக்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடம் எங்களுடையது. வியட்நாமின் லான் டாக்டருடைய அப்பாவும் அமெரிக்காவின் வார்ட் என்ற டாக்டருடைய அப்பாவும் அந்தச் சண்டையில் எதிரெதிரே நின்று சுட்டவர்கள். பிள்ளைகளுக்கோ ஒரே மேசை. நம் விளாத்திகுளம் பக்கத்து நோயாளிகளின் குறிப்புகளும் ஆய்வுக்கு வந்தன. மொழிபெயர்த்தது நான். ‘பூச்சி கடித்தது, ரத்தம் உறையவில்லை’ என்றிருந்த முப்பத்தோரு பேரை, பாம்புக்கடி இல்லையென்று ஒதுக்கிவிட்டேன்.

எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அன்று ஒரே குரலில் கேட்டார்கள்: “எந்தப் பூச்சி கடித்தால் ரத்தம் உறையாமல் போகும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாம்பின் பேரைச் சொல்லப் பயந்து நாம் பூச்சி என்றுதானே சொல்லுவோம்! சொன்னேன், சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

போன ஞாயிறு போனில் சொன்னீர்களே: “ஏட்டி, பருத்திக்காட்டுல அப்பாவப் பூச்சி கடிச்சிருச்சு. இப்ப நல்லாருக்காவ.” “சுண்ணாம்பு தடவுங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நாள் முழுக்க இங்கிலீஷ் பேசிப் பேசி நம் பேச்சே எனக்குக் காதில் ஏறவில்லை. இனி தினமும் ஒருதரமாவது ஏட்டி என்று கூப்பிடுங்கள்.

போனில் கேட்டால் “ஒண்ணுமில்லட்டி” என்பீர்கள். அதனால்தான் எழுதி, படமெடுத்து, பக்கத்துக்கடை வேல்ராஜ் அண்ணாச்சி போனுக்கு அனுப்புகிறேன். இப்போதே அவர் வண்டியில் அப்பாவைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

பேரைச் சொல்ல வேண்டாம் அம்மா. அந்தப் பூச்சிக்குக் கால் இருந்ததா?

சுகுணா