மாறிப்போன சங்கிலிகள்

செம்பூர்
12.9.2024

அன்புள்ள ஆபிதா,

நலமா? என் காது மந்தமான பிறகு போனில் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று கேட்கும் கூத்து வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று மருமகள் சுஜா என்னைச் சர்க்கரைக்குக் காட்டக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, "ஆன்ட்டி, புற்றுநோய் இருக்கான்னு வருஷா வருஷம் எடுக்குற மார்புப் படம் இனிமே வேண்டாம்" என்றாள். எண்பது தாண்டியபின் அதில் சின்னதாக ஏதாவது தெரிந்தாலும், அது வளர்ந்து தொல்லை தர ரொம்பக் காலம் ஆகுமாம். அதற்குள் வைத்தியம்தான் உடம்பைப் படுத்துமாம். கட்டி ஏதாவது கையில் தட்டுப்பட்டால் உடனே வரச் சொன்னாள். "உங்கள கைவிடுறோம்னு நினைக்காதீங்க" என்றாள். நியாயமான பேச்சுதான். எனக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. ராத்திரிச் சோற்றில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியாது.

போன அக்டோபரில் சயான் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கக் கழற்றிய சங்கிலிகளை, பத்திரத்துக்கு ஒருத்தியுடையதை ஒருத்தி கழுத்தில் போட்டுக்கொண்டு, அப்படியே ரயிலேறிவிட்டோமே! இந்த அக்டோபரில் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தோம். இப்போது என்ன செய்ய?

உன் அக்கா,
லூசியம்மாள்

உல்லாஸ்நகர்
20.9.2024

அன்பான லூசியக்காவுக்கு ஆபிதாவின் ஸலாம்.

என் மகன் காலித்துக்குத் தமிழ் படிக்க வராது. உங்கள் கடிதத்தை நானே வாசித்துக் காட்டிக் கெடுத்துக்கொண்டேன். அவன் டாக்டரிடம் கேட்டுவிட்டான். எனக்கும் வேண்டாமாம். "டெஸ்ட்டே இல்லன்னா சயானுக்கு எதுக்கும்மா? லோக்கல் ரயில்ல இடிபட்டு விழவா?" என்கிறான்.

வருடத்தில் ஒரு நாள் நான் இந்த வீட்டைவிட்டு வந்தது நோய்க்குப் பயந்தா அக்கா? உங்களைப் பார்க்கத்தானே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் கடைக்குச் சரக்கெடுக்கத் தாதருக்கு வருகிறான், அப்படியே உங்கள் வீட்டுக்கும் வருவான். உங்கள் சிலுவைச் சங்கிலியைக் கொடுத்தனுப்புகிறேன். என் பிறைச் சங்கிலியை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

ஆபிதா

செம்பூர்
29.9.2024

அன்புள்ள ஆபிதா,

காலித் வந்தான். சாயா குடித்தான். சிலுவை வந்து சேர்ந்தது.

உன்னுடையதைக் கேட்டான். "எங்க வச்சேன்னு தெரியலையேப்பா" என்றேன். பாவம், அவனும் சுஜாவும் பீரோவைக் குடைந்து போட்டார்கள். என் கழுத்தில்தான் கிடந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் மறந்துவிட்டது என்றால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

கிடைத்தாலும் நகையை அடுத்தவர் கையில் கொடுத்தனுப்ப மாட்டேன், உன் அம்மாவே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபரில் கிடைத்துவிடும். வா.

லூசி